கலர் தெரியாத மாமாவின் ஐந்து நாசில்கள்

மாமா,

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய நம் லைனில் வசிக்கும் சகல பொதுமக்களுக்கும், பக்கத்து லைனில் வசிக்கும் துரதிர்ஷ்டசாலிகளுக்கும் மிகுந்த பணிவுடன் அறிவிக்கப்படுவது யாதெனில், ஒரு வருடத்துக்கும் மேலாகத் தலைமறைவாக இருந்த கறுப்பு நாசில் இன்று ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியளவில் பத்திரமாக மீட்கப்பட்டது. மீட்கப்பட்ட இடம், உன் பழுப்பு ஸ்வெட்டரின் இடது பாக்கெட். உடன் தங்கியிருந்தவர்கள், ஒரு பழைய ரயில் சீசன் டிக்கெட், அரை பிஸ்கட், அந்தப் பிஸ்கட்டை நம்பி வாழ்ந்து மறைந்த நாலைந்து எறும்புகள். மீட்டவர், இந்த லைனின் ஒரே நாசில் நிபுணரும் பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு மாணவருமாகிய உன் அக்கா மகன்.

அத்தைதான் ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "நாளைக்கிக் காலையில கோலாருக்குப் போவணும், குளிரும், இத்த போட்டுக்கோ" என்றாள். எதற்காகக் கோலார் என்பதைப் பிறகு சொல்கிறேன். சொல்லித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. தலையை உள்ளே விட்டதும் கார் ஷாம்பூவின் அந்தப் பொய் எலுமிச்சை வாசனை அடித்தது. ஒரு நிமிஷம் தலையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது அத்தை கேட்டாள், "இன்னாடா, மாட்டிக்கிச்சா?" ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகுதான் பாக்கெட்டில் கை விட்டேன். அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.

ஏன் மாமா? உலகத்தில் யாராவது சோப்பு நாசிலை ஸ்வெட்டர் பாக்கெட்டில் வைப்பார்களா? அது இல்லாவிட்டால் மெஷின் சோப்பை உறிஞ்சாது என்று உனக்குத் தெரியும். ஒரு வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாளியில் ஷாம்பூவைக் கலக்கி, ஸ்பாஞ்சால் கையாலேயே தேய்த்துக்கொண்டிருந்தவன் நான். வீட்டை மூன்று தடவை தலைகீழாகக் கவிழ்த்தோம். அம்மா உளுந்து டப்பாவில்கூடத் தேடினாள். அது என்னவோ உன் பாக்கெட்டில் சொகுசாகப் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

உன்னிடம் எனக்கு இருக்கும் புகார்ப் பட்டியலில் இது மிகச் சிறியது. பெரியவற்றுக்கு வருகிறேன்.

நாசில் என்றால் என்ன என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நான் எழுதும்போது பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் ஆட்டோ ரவி அண்ணன் மாதிரி ஆட்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வண்டி கழுவத் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் பிரஷர் வாஷர் மெஷினின் கன் முனையில் மாட்டும் விரல் நீள உலோகத் துண்டுதான் நாசில். மெஷின் ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான், முனையில் எது இருக்கிறதோ அதை வைத்துத்தான் அது நாயா பூனையா என்று தெரியும். சிவப்பு வளையம் போட்டது ஊசி. தண்ணீர் ஒரே புள்ளியாகப் போய்க் குத்தும், சிமெண்டைக்கூடக் குடையும். மஞ்சள் கத்தி, காய்ந்த சேற்றைச் செதுக்கும். பச்சை சின்ன விசிறி, பைக்குக்கும் ஆட்டோவுக்கும் அதுதான். வெள்ளை பெரிய விசிறி, கண்ணாடி, பெயிண்ட், எழுத்து, எதையும் தடவிக்கொடுக்கும். கறுப்புக்கு வேகமே கிடையாது, சோப்பு மட்டும் துப்பும். அவ்வளவுதான். இதில் எது எங்கே என்று தெரியாமல் கன்னைத் தூக்குகிறவனுக்கு நாசில் மாறினால் நாசம்.

"அஞ்சு நாசிலும் பஞ்சசீலம் மாரிடா. ஒண்ணு தப்புனா மத்த நாலும் வேஸ்ட்டு" என்பாய். புத்த விகாரையில் எல்லோரும் உட்கார்ந்து பஞ்சசீலம் சொல்லும்போது நீ விரல் மடக்குவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சீலத்தை எண்ணுகிறாயா நாசிலை எண்ணுகிறாயா என்று.

நீ போன பிறகு மெஷின் என் கைக்கு வந்தது. என் கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, இந்த லைனில் எத்தனை மேதைகள் இருக்கிறார்கள் என்று. போன மாதம் ரவி அண்ணன் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"தம்பி, அந்தச் செவப்ப மாட்டு. சேறு ஒட்டிக்கினு கீது, ஒரே அடில போவணும்."

"அண்ணே, செவப்பு மாட்னா சேறு போவும், பெயிண்டும் போவும், அதுக்கு அப்பறம் நீங்களும் போவீங்க, பெயிண்ட் கடைக்கி."

"உங்க மாமா மாரியே பேசறான் பாரு. அவருக்குனா கலர் தெரியாது. ஒனக்கு இன்னா கேடு?"

"எனக்குத் தெரியும்ணே. அதனாலதான் பச்ச மாட்றேன்."

மாட்டினேன். அடித்தேன். ஆட்டோவின் பின்பக்கம் ஒட்டியிருந்த 'அம்மாவின் ஆசி' ஸ்டிக்கரில் 'ஆசி' பறந்துபோய்விட்டது. அவர் கத்தினார். பச்சை நாசிலுக்கு உரியும் ஸ்டிக்கர் ஸ்டிக்கரே அல்ல, அடுத்த முறை நல்ல கடையில் வாங்குங்கள் என்று அறிவுரை சொல்லி அனுப்பினேன். முன்பு ஒரு கன்னடக்கார அண்ணனுடைய பைக் டேங்கில் கோடு விழுந்தபோதும் அப்படித்தான். "சும்னே ஏனோ மாடிபிட்டே குரு" என்று, சும்மா எதையோ பண்ணி வைத்துவிட்டாயே என்கிற மாதிரி, முறைத்தார். ஷோரூம் பெயிண்ட் சரியில்லை என்று விளக்கினேன். நிபுணனாக இருப்பது எளிதல்ல, மாமா. உலகம் முழுக்க மட்டமான பொருட்களால் நிறைந்திருக்கிறது.

சரி. உன் கதைக்கு வருவோம்.

எனக்குப் பன்னிரண்டு வயது. நீ பெங்களூரில் ஓர் அபார்ட்மெண்டில் பார்க்கிங் கழுவும் வேலைக்குத் தினமும் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் போய்வந்துகொண்டிருந்தாய். அவர்கள் புது மெஷின் வாங்கியதும் பழையதைத் தூக்கிப்போட இருந்தார்கள், நீ கேட்டு வாங்கிக்கொண்டாய். பெட்ஷீட்டில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். யாரோ கேட்டார்களாமே, "இன்னாபா, குழந்தையா?" நீ சொன்னாயாம், "ஆமாபா, தண்ணி குடிச்சிட்டுத் தூங்குது, எழுப்பாத."

அடுத்த நாள் ஞாயிறு. மெஷினை வாசலில் வைத்தாய். ஐந்து நாசிலையும் உன் டிபன் பாக்ஸ் மூடியில் வரிசையாக அடுக்கினாய். உலோகத்தில் பொறித்திருந்த எண்கள் தேய்ந்துபோயிருந்தன, வளையத்தின் கலரை வைத்துத்தான் எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். டிரம்மில் தண்ணீர் நிரப்பினாய். உன் வீட்டுப் பக்கச் சுவரில் தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து பறந்துவந்த மண் வருடக்கணக்காகப் படிந்திருந்தது. அது தூறலில் நனைந்து வெயிலில் காய்ந்து தோசைக்கல்லில் ஒட்டிய மாவு மாதிரி ஆகியிருந்தது. முதலில் அதைக் கழுவுவோம் என்று வெள்ளை நாசிலை மாட்டினாய். வெள்ளை, மென்மையானது, சுவருக்கு ஒன்றும் ஆகாது. எல்லாம் சரி.

ஆனால் சுவரில் ஓட்டை விழுந்தது.

அந்தச் சுவர் பார்க்கத்தான் சிமெண்ட். உள்ளே சுரங்கக் கம்பெனி காலத்து மூங்கில் தட்டி, அதன் மேல் மண், அதன் மேல் நீயே பூசிய மெல்லிய சிமெண்ட் பூச்சு. தண்ணீர் பூச்சைக் குடைந்து, மண்ணைக் குடைந்து, தட்டியின் சந்து வழியாகப் புகுந்து, பால் பொங்கிக்கொண்டிருந்த அடுப்பை அணைத்தது. அத்தை கத்திய கத்தலில், சங்கு ஊதிவிட்டது என்று நினைத்து, நந்திதுர்க் சுரங்கம் வரைக்கும் ஷிப்ட் மாறியிருக்கும். நான் வந்து பார்த்தபோது நீ கன்னைக் கீழே வைத்துவிட்டு நாசிலைக் கழற்றி விரலில் உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இன்னாயா பண்ண?" என்று அத்தை கேட்டாள்.

நீ நாசிலைப் பாக்கெட்டில் போட்டாய். "செவப்ப மாட்டிட்டேன். எனக்குக் கலரு சரியா தெரியல போல கீது" என்றாய்.

அவ்வளவுதான். ஒரே வாரத்தில் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. கலர் தெரியாதவர். ராபர்ட்சன்பேட்டை பெயிண்ட் கடைக்காரர்கூட, "உங்க ஊட்டுக்காரரு கேட்டாருனா மொதல்ல எனக்கு போன் பண்ணுமா" என்று அத்தையிடம் சொல்லி வைத்தார். ஓட்டையைக் களிமண்ணும் சிமெண்டும் வைத்து அடைத்து, அடைத்த தழும்பு தெரியாமல் இருக்க அதன் மேல் நீல பெயிண்டில் உன் கையாலேயே எழுதினாய். முதல் வரி, 'வாட்டர் சர்வீஸ்.' இரண்டாவது வரி, 'ஞாயிறு மட்டும்.' எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு ஓடும் கும்பல் மாதிரி இருந்தன. கலர் தெரியாதவர் நீலத்தைச் சரியாக எடுத்தது எப்படி என்று யாரோ கேட்டதற்கு அத்தை சொன்னாள், "டப்பா மேல எழுதிக் கீதுல்ல."

அந்தப் பட்டத்தை நீ அனுபவித்தாய், மாமா, மறுக்காதே. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு ரோஜா நிறத்தில் ஒரு சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாயே.

"இன்னா மாமா இது?" என்றேன்.

"இன்னாடா? மல்லிப்பூ மாரி வெள்ளையா கீது பாரு."

"வெள்ளையா? அத்த, இத்த வந்து பாரு!"

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். பந்தி முழுக்கச் சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். போனில் வீடியோ எடுத்து, 'எங்க மாமாவின் வெள்ளைச் சட்டை' என்று போட்டேன். நீ என்னைப் பார்த்தாய். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாய். பிறகு பாயசம் கேட்டாய்.

இனிமேல்தான் பெரிய புகார். அந்த ஓட்டைக்குப் பிறகு நீ நாசில்களை யாரையும் தொட விடவில்லை. டிபன் பாக்ஸில் பூட்டி வைத்தாய். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உள்ளங்கைக்குள் மறைத்து ஒன்றை எடுப்பாய், முதுகைத் திருப்பிக்கொண்டு மாட்டுவாய், வண்டியை விட்டுவிட்டு முதலில் தரைக்குக் கன்னைப் பிடிப்பாய். காய்ந்த சிமெண்ட் தரையில் ஈரம் எப்படி விழுகிறது என்று பார்ப்பாய். புள்ளியா, சாண் அகலமா, முழ அகலமா. உட்கார்ந்து விரலால் அளப்பாய். ஐந்து வருடம்! அதே ஐந்து நாசில்! முன்பின் பார்த்திராத ஆள் மாதிரி ஒவ்வொரு தடவையும்! குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும் ஊரில், வண்டியோடு நாலு பேர் காத்திருக்க, நீ தரையில் கோடு போட்டு விளையாடுவாய்.

"மாமா, கலர் சொல்ல நான் கீறேன்ல? என்ன கேளேன்."

"கலரு பொய் சொல்லும்டா. கோடு சொல்லாது."

"உனக்குத்தான் பொய் சொல்லும். எங்களுக்கு உண்மதான் சொல்லும்."

"அப்டியா? சரி."

அந்த 'சரி' இருக்கிறதே, அதுதான் எனக்கு எரிச்சலாக வரும். வாதம் செய்தால் ஜெயிக்கலாம். 'சரி' என்கிற மனிதனை என்ன செய்வது?

போன வருடம் ஒரு நாள் காலை ரயிலில், வழக்கமான ஜன்னல் சீட்டில், தூங்குகிற மாதிரி சாய்ந்திருந்தாய். ஸ்டேஷன் வந்ததும் கூட வருகிறவர்கள் எழுப்பியிருக்கிறார்கள். பிரஷர் மாத்திரையை மூன்று நாளாகப் போடவில்லை என்று பிறகு தெரிந்தது. மெஷினுடைய பிரஷரை அத்தனை அக்கறையாகப் பார்த்தவன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

போன வாரம் உன் முதல் வருட நினைவு நாள். அதற்கு முந்தின நாள் காலையில் அத்தை என்னைக் கூப்பிட்டாள். சுவரில் உன் எழுத்தின் மேல் மறுபடி மேட்டு மண் படிந்து, 'ஞாயிறு' மட்டும்தான் மங்கலாகத் தெரிந்தது. வேலூரிலிருந்து உன் சித்தப்பா வீட்டு ஆட்கள் வரப்போகிறார்கள்.

"கடுதாசி எழுதுன மனுசனா அவரு? கையெழுத்துனு ஊட்ல ஒண்ணும் கெடையாதுடா. ரேஷன் கார்டுல கூட நான்தான் போட்டேன். இந்தச் செவுத்துல கீறதுதான் அவரு கை. பாத்துக் கழுவு. எழுத்துக்கு ஒண்ணும் ஆவக்கூடாது."

"அத்த, நான் யாரு?"

"தெரியும், தெரியும். பாத்துக் கழுவு."

கூடவே நண்பர்கள் நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். நான் ஒரு சொற்பொழிவே நடத்தினேன். "மச்சா, எழுத்துனா வெள்ள நாசில். ரெண்டடி தள்ளி நிக்கணும். நேரா அடிக்கக் கூடாது, சாய்ச்சி அடிக்கணும்." ஓரத்தில் தெரியாத இடத்தில் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். ஒரு பையன் அதையும் கேட்டான். "அது கத்துக்குட்டிகளுக்கு" என்றேன். இன்னொருவன், "உங்க மாமா தரைல கோடு பாப்பாரே" என்றான். "அது கலர் தெரியாதவங்களுக்கு" என்றேன்.

நம் லைனுக்கு வருவது பைக்கும் ஆட்டோவும்தான். பச்சை ஒன்றிலேயே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன். வெள்ளையை நான் மாட்டியது அன்றுதான் முதல் தடவை. வெள்ளை வளையத்தை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன். மாட்டினேன். ரெண்டடி தள்ளி நின்றேன். சாய்த்தேன். எல்லாம் சரி.

'வா' போய்விட்டது. கன்னை விடுவதற்குள் 'ட்டர்' போய்விட்டது. பதறிக் கையை இழுத்ததில் 'சர்வீஸ்' பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னால் களிமண், அதன் பின்னால் மூங்கில். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம். நாளைய சாப்பாட்டுக்காக வேகவைத்திருந்த பருப்பு.

நான் மெஷினை அணைத்தேன். நண்பர்கள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அதே இடத்தில், அதே அளவில் ஓட்டை. அதற்கு அந்தப் பக்கம் அத்தையின் ஒரு கண். அந்தக் கண் என்னைப் பார்த்தது, கீழே விழுந்திருந்த நீலத் துண்டுகளைப் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை.

"இன்னாடா," என்றது கண், "உனக்கும் கலர் தெரியாதா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது, "ஆமா அத்த. எனக்கும் தெரியாது போல கீது."

ஒரு பொய்யை எடுத்து மாட்டினேன், மாமா. அதையும் சோதித்துப் பார்க்கவில்லை.

அத்தை வெளியே வந்தாள். முறத்தை எடுத்துவந்து, உட்கார்ந்து, பெயிண்ட் ஒட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டாள். 'வா'வின் வளைவு முழுசாகக் கிடைத்தது. அதைத் தனியாக ஒரு மூலையில் வைத்தாள். நானும் பொறுக்கினேன். "வுடு, நீ வேற எதுனா ஒடச்சிடுவ" என்றாள். பிறகு என் முகத்தைத் திருப்பி, தன் புடவை முந்தானையைக் காட்டி, "இது இன்னா கலரு?" என்று கேட்டாள்.

பச்சை. கண்ணைப் பறிக்கும் பச்சை.

"சாம்பலா?" என்றேன்.

அவள் அழுதுவிட்டாள்.

அம்மாவிடம் சொன்னாள். அம்மா தன் பங்குக்கு அழுதாள். நான் புத்திசாலித்தனமாக, பயாலஜி பாடத்தில் இருக்கிறது, இது அம்மா வழியாகத்தான் வரும், தாய்மாமனுக்கு இருந்தால் மருமகனுக்கும் வரலாம் என்று எடுத்துக்கொடுத்தேன். அறிவு எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. "அய்யோ, ரயில்வே பரிச்ச எழுதப்போறவன்டி, கண்ணுல கலரு தெரியலனா எடுக்க மாட்டாங்களே" என்று அம்மா அத்தையைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் என்னைக் கோலார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கண் டாக்டரிடம் காட்டுவது என்று முடிவானது. நாளைக் காலை முதல் பஸ். ஸ்வெட்டர் வந்த கதை அதுதான்.

நினைவு நாளன்று உன் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி எல்லோரும் பஞ்சசீலம் சொன்னோம். நாலாவது சீலம் வந்தபோது, அதுதான் அந்தப் பொய் பேசாமை, எனக்கு இருமல் வந்தது. சாப்பாட்டின்போது அத்தை எல்லோருக்கும் உன் கதையைச் சொன்னாள். பால் அடுப்பு அணைந்தது, ரோஜா சட்டை, பெயிண்ட் கடை. "இத்தினி வருசம் அவர கிண்டல் பண்ணியே கொன்னேன். ஒரு நாளு மூஞ்சி காட்டல. சிரிச்சிக்கினே போனாரு" என்றாள். வேலூர்க்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

மாமா, இங்கே யாருமில்லை. ரவி அண்ணன்கூடப் போய்விட்டார். சொல்லிவிடுகிறேன்.

மெஷின் வந்த அந்த முதல் ஞாயிறு நீ தண்ணீர் பிடிக்கப் போனபோது டிபன் பாக்ஸ் மூடியிலிருந்து சிவப்பையும் வெள்ளையையும் எடுத்தது நான்தான். வளையம் பிளாஸ்டிக், விரலுக்கு அசையவில்லை. பல்லால் கடித்து இழுத்து, இதை அதிலும் அதை இதிலும் மாட்டி வைத்தேன். சிவப்பு என்று நினைத்து நீ மாட்டுவாய், புஸ்ஸென்று தூறும், நீ முழிப்பாய், நான் சிரிப்பேன். இவ்வளவுதான் திட்டம். சிவப்பு வெள்ளையானால் வெள்ளை சிவப்பாகும் என்ற மறுபாதி பன்னிரண்டு வயதுப் புத்திக்கு எட்டவில்லை. அத்தை கத்தியபோது ஓடிவந்தேன். நீ அந்த நாசிலை உருட்டி உருட்டிப் பார்த்தாயே, வளையத்தில் என் முன்பல் இரண்டும் பதிந்திருந்தன. எனக்கு முன்பல் கோணல். இந்த லைனில் வேறு யாருக்கும் அப்படி இல்லை.

நீ என்னைப் பார்த்தாய். அத்தையைப் பார்த்தாய். எனக்குக் கலர் தெரியவில்லை என்றாய்.

நீ வளையங்களை அன்றைக்கே சரியாக மாற்றி வைத்திருப்பாய் என்றுதான் இத்தனை வருடமும் நம்பினேன். மாற்றவில்லையே, போன வாரம் சுவர் சொல்லித்தானே எனக்குத் தெரிந்தது! ஐந்து வருடம் டிபன் பாக்ஸில் அப்படியே பூட்டி வைத்துக்கொண்டு, வாரா வாரம் தரையில் கோடு பார்த்துக்கொண்டு, ரோஜா சட்டை போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து 'சரி' என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாய். நானாக வந்து சொல்வேன் என்று காத்திருந்தாயா? வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "டேய், நீதானே?" மூன்று நொடி ஆகும். எவ்வளவு பிடிவாதம் மாமா உனக்கு! என்னைவிடப் பெரிய குறும்புக்காரன் இந்த லைனில் இருந்திருக்கிறான், எனக்கே தெரியவில்லை. அதில் எனக்கு வருகிற கோபத்தை யாரிடம் காட்டுவது?

இன்று மதியத்திலிருந்து மூன்று முறை அத்தையின் அடுப்படி வரை போனேன். உனக்குக் கலர் நன்றாகத் தெரியும் என்று அவளிடம் சொல்ல வேண்டும். மூன்று முறையும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். மூன்றாவது முறை அவள், "சக்கரையும் கீதாடா உனக்கு?" என்று பயந்துபோய்க் கேட்டாள். நாளைக்கு அந்த டாக்டர் கலர் புள்ளிப் படத்தை நீட்டுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். பஸ் ஏறுவதற்கு முன்னால். முடிந்தால் இதை மடித்து வைத்ததும்.

அத்தையிடம் போவதற்கு முன்னால் நிபுணர் என்ற முறையில் ஒரு காரியம் செய்தேன். ஐந்து நாசிலையும் தரையில் வரிசையாக வைத்து, வளையங்களை அதனதன் இடத்தில் மாட்டிவிடலாம் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான் மாற்றியது இரண்டு. பல் பதிந்திருப்பது நான்கில், நான்கிலும் அதே கோணல். ஒரு வருடமாக நான் பச்சை என்று நம்பி லைனிலிருக்கும் அத்தனை வண்டிக்கும் அடித்தது மஞ்சள். அதை எப்போது கடித்தேன் என்று சத்தியமாக எனக்கு ஞாபகமில்லை, மாமா.